பன்னிரண்டு கதைகள்

உட்காருங்கள் எங்கல்ஹார்ட், அந்த முக்காலி சுடாது.
இன்ஸ்ப்ரூக் நகரசபைக்குப் பன்னிரண்டு கதைகள்,
பனி உருகுமுன் வேண்டும் என்கிறீர்கள்.
ஆயுதத்தின் நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம்
எழுதிக் கொண்டுபோக
மைக்கூடும் கையோடு வந்திருக்கிறது.
எழுதுங்கள்.

சாணை வேண்டாம்.
மழையில் கிடந்தாலும் மானம் போகாது.
துருப்பிடித்த வாளை எவனும் சீந்தமாட்டான்,
துருப்பிடித்த கதை அப்போதும் கதைதான்.
நல்ல வாள் ஒன்றின் விலைக்கு
நான் ஐந்து தருவேன்.
நேற்றுவரை ரொட்டி சுட்டவன் கையில் கொடுத்தாலும்
எந்தப் பக்கம் கூர் என்று கேட்டு நிற்கமாட்டான்.

இரும்புச் சட்டை போட்டவன்மேல் வாள் வழுக்கும்,
இடுக்குத் தேடும், அக்குள் தேடும்.
கதை எதையும் தேடாது.
கதவைத் தட்டாமல்
வீட்டையே குலுக்கும்.

கனம் கூடினால் நல்லது என்று எழுதினீர்களா?
அடியுங்கள் அதை.
இரண்டு ராத்தல், போனால் இன்னும் அரை.
அதற்கு மேலே
நீங்கள் அதை வீசுவதில்லை, அது உங்களை வீசும்.
குறி தப்பியதோ, விலா திறந்து கிடக்கும்,
கை திரும்பி வருவதற்குள் கிறிஸ்துமஸ் வந்துவிடும்.

எட்டாது. அதையும் எழுதுங்கள்.
ஈட்டிக்காரன் மூன்றடி தள்ளி நின்றே
பேச்சை முடித்துவிடுவான்.

பிடியில் தோல்வார் கட்டினால் கை நழுவாது.
எதிரியின் சேணத்தில் அது சிக்கினால்
குதிரையிலிருந்து உங்களை இழுத்துப் போடுவதும்
அதே வார்தான்.
இதை எந்தப் பக்கம் எழுதப்போகிறீர்கள்?

ரத்தம் வராதாம், யாரோ சொன்னார்களாம்.
மூக்கைக் கேளுங்கள்.
காதைக் கேளுங்கள்.

என் கணவர் வென்டெலின் இருந்த கடைசிக் குளிர்காலம்.
பிரென்னர் சாலையிலிருந்து இரவில் ஒரு வண்டி.
வைக்கோலில் ஒருவன், தலைக்கவசத்தோடு.
கழற்ற வரவில்லை.
இடது பக்கம் உள்வாங்கி
கீல் நசுங்கி, தாடைக்குள் பூட்டிக்கொண்டிருந்தது.
கவசத்தில் எங்கள் பட்டறை முத்திரை.
பள்ளத்தை விரலால் தடவினேன்,
ஏழு இதழில் ஒரு இதழின் அச்சு,
அடியில் சிறு வளைவு.
ஏழு இதழ் வைத்து, வளைவும் கொடுத்து
இந்தப் பள்ளத்தாக்கில் அடிப்பவள்
நான் ஒருத்திதான்.

சுத்தியல் போட முடியாது.
போட்டால் உள்ளே இருப்பவனுக்கு
மறுபடியும் அதே போர்.
அரத்தால் ராவினோம், ஆணி ஆணியாக.
வென்டெலின் கை ஓய்ந்தால் நான்,
நான் ஓய்ந்தால் அவர்.
மூச்சுத் துளைகள் வழியே தண்ணீர் ஊற்றினேன்.
உள்ளேயிருந்து ஒரு குரல்
விடிந்துவிட்டதா என்று கேட்டது.
இன்னும் இல்லை என்றேன்.
கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டது.
விடிந்த பிறகும் கேட்டது.

நடுப்பகலில் திறந்தது.
முகத்தில் ஒரு கீறல் இல்லை, எங்கல்ஹார்ட்.
வண்டிக்காரன்கூட சிலுவை போட்டுக்கொண்டு
அதிசயம் என்றான்.

துருத்தி ஊதுகிறானே, அவன்தான்.
பெயர் தெரியாது, அவனுக்கும்.
கணக்குப் புத்தகத்தில் அந்தக் கவசத்தை வாங்கியவர்
லியன்ஹார்ட் என்றிருந்தது,
அதனால் லியன்ஹார்ட்.
நல்ல ஊத்து, தாளம் பிசகாது.
சாயங்காலம் மட்டும் வந்து கேட்பான்
விடிந்துவிட்டதா என்று.

இல்லை, அழவில்லை, உலைப்புகை.
எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், காட்டுங்கள்.
நல்லது பக்கம் நீளமாகத்தான் இருக்கிறது.
சபைக்குப் பிடிக்கும்.

பன்னிரண்டும் செய்துதருகிறேன்.
ஏழு இதழ் வேண்டாம், ஆறு போதும்.
முன்பணம் இன்றைக்கே, வெள்ளியாக.
விலையில் ஒரு காசு குறைக்கமாட்டேன்,
ஆனால் மூட்டையில்
கேட்காமலே ஒன்று கூட இருக்கும்.
நல்ல அரம், ஒரு முழம்,
என் கைப்பட வெட்டியது.
அதற்குப் பணம் வேண்டாம்.
எதற்கு என்று சபையில் கேட்டால்
தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.